கோலாலம்பூரில் காட்டுக்குள்ளும் ஆற்றோரமும் ஓட: யாருக்கு எந்தப் பாதை?

"ஓட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எங்கே போகலாம்?" என்று யாராவது கேட்டால், "எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க?" என்றுதான் பெரும்பாலும் திருப்பிக் கேட்கிறோம். கோலாலம்பூரில் அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பாதையை முடிவு செய்ய முடியாது. தித்திவங்சா ஏரியைச் சுற்றி மூச்சு வாங்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர், காசிங் மலையில் முதல் கால்மணி நேரத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். ஊரே குன்றுகளுக்கு நடுவில் இருப்பதால் இங்கே தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளைத் தீர்மானிக்கிறது. ஏற்றத்துக்கு அடுத்தது காலடி: தாரா, மண்ணா, வேரா, நேற்றைய மழையில் ஊறிய களிமண்ணா என்பது. இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள இடங்களை ஒப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "காட்டு ஓட்டமெல்லாம் நமக்கு எதுக்கு, அது வெள்ளைக்காரங்க, சீனவங்க பழக்கம்" என்று நம்மவர்கள் சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். இன்று ஓட்டக்காரர்கள் தேடிப்போகும் கியாரா, காசிங் குன்றுகளில் அன்று நின்றது பால்மரம், அதாவது ரப்பர் மரம். அந்த மரங்களைச் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். விடியும் முன்னே எழுந்து, ஏற்ற இறக்கம் பார்க்காமல் வாளி தூக்கி நடந்தவர்கள் அவர்கள். 1938இல் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்ற ஓட்டக் குழு உருவானதும் இதே கோலாலம்பூரில்தான். ஆங்கிலேய அதிகாரிகள் திங்கட்கிழமை மாலைகளில் காகிதத் துண்டுகளைத் தூவி வழி குறித்துக்கொண்டு ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடினார்கள். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அவர்கள் பொழுதுபோக்காக ஓடிய தோட்டத்தில் நம்மவர்கள் பிழைப்புக்காக நடந்தார்கள். இந்தப் பாதைகளில் நமக்கு எந்த அந்நியமும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இங்கே போட்டி தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கும் பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கும்தான்.

தித்திவங்சா தட்டையானது. பாதை சீராக இருக்கும், வழி தவற வாய்ப்பே இல்லை, எந்த இடத்தில் களைத்தாலும் உட்கார்ந்துகொள்ளலாம். எல்ஆர்டி, மோனோரயில், எம்ஆர்டி மூன்றும் தித்திவங்சா நிலையத்தில் நிற்பதால் வாகனம் இல்லாதவர்களும் வந்து சேரலாம். செந்தூல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைவிட அருகில் எதுவும் இல்லை. குறை ஒன்றுதான்: பல இடங்களில் நிழல் போதாது. காலை எட்டரைக்கு மேல் ஏரிக்கரை வெயில் முதுகில் அறையும்.

பெர்டானா 1888இல் தொடங்கிய பூங்கா. நூறாண்டு கடந்த இடம் என்பதால் மரங்கள் பெரியவை, நிழல் அடர்த்தி. ஏரியைச் சுற்றிச் சமமாகவும், விலகிப் போனால் சிறு மேடுகளாகவும் பாதை கிடைக்கும். கேஎல் சென்ட்ரல் பக்கத்தில் இருப்பவர்கள் முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையம் வழியாக நடந்தே போய்ச் சேரலாம்.

என் தேர்வு பெர்டானா. காரணம் நிழல் மட்டும் இல்லை. கால் மெல்ல மெல்ல ஏற்றத்துக்குப் பழகுகிறது. தித்திவங்சாவிலேயே ஆறு மாதம் ஓடிவிட்டு நேராக மலைக்குப் போகிறவர்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முட்டிவலி உள்ளவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், 60 வயதுக்கு மேல் இப்போதுதான் தொடங்குகிறவர்கள் தித்திவங்சாவிலேயே இருப்பது நல்லது. இவர்களுக்கு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரைமணி நேரம் போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வேகம் அதிகம், குறையுங்கள்.

தனியாக ஓடச் சோம்பலாக இருக்கிறதென்றால், சனிக்கிழமை காலை தாமான் புடு உலு பூங்காவில் நடக்கும் பார்க்ரன்னுக்குப் போகலாம். 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்து முடிப்பவர்களையும் அப்படியே வரவேற்கிறார்கள்.

முதல் மண் பாதை: தாமான் துகு

பெர்டானாவை ஒட்டியே, தேசிய நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் 66 ஏக்கர் காடு. 2018இல் மக்களுக்குத் திறந்தார்கள். நுழைவு இலவசம். காலை 7 மணிக்குத் திறந்து இருட்டும் முன் மூடிவிடுவார்கள்.

தார்ப்பாதையிலிருந்து மண் பாதைக்கு மாறுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊருக்குள் இல்லை என்பது என் கருத்து. ஏற்றங்கள் உண்டு, ஆனால் எதுவும் நீளமில்லை. படிகளும் வழிகாட்டிப் பலகைகளும் இருக்கின்றன. எல்லாக் கிளைப்பாதைகளையும் சேர்த்தால் நாலைந்து கிலோமீட்டர் வரும். கால் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடும் பழக்கம் இங்கே வந்துவிட்டால் மற்ற இடங்களில் பாதிச் சிரமம் குறையும். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் சலித்துப்போகும்.

புக்கிட் நானாஸ் காட்டையும் சிலர் சொல்வார்கள் (புக்கிட் என்றால் மலாயில் குன்று). 1906இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடம், கேஎல் கோபுரத்தின் அடியில் அப்படியொரு காடு இருப்பதே அதிசயம். ஆனால் பரப்பு சிறியது, படிக்கட்டு அதிகம். நடந்து பார்க்கலாம், ஓட்டத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

கிள்ளான் ஆற்றோரம்

மஸ்ஜிட் ஜாமேக்கில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகின்றன. அங்கிருந்து பசார் செனி வழியாகக் கரையோர நடைபாதை அழகாக இருக்கிறது. தெற்கே பிரிக்பீல்ட்ஸ், மிட்வேலி பக்கம் ஆற்றை ஒட்டிச் சைக்கிள் பாதையும் போகிறது. ஏற்றம் இல்லை, சகதி இல்லை, வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியதும் ஓடலாம். வாரநாளில் ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ள இது நல்ல வழி.

ஆனால் ஆற்றோரம் என்றதும் புல்லும் மரநிழலும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊருக்குள் கிள்ளான் ஆறு சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே ஓடுகிறது. பாதை சில இடங்களில் மேம்பாலங்களுக்கு அடியில், வெளிச்சம் குறைவாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கும். பெண்கள் தனியாக, இருட்டிய பிறகு அந்தப் பகுதிகளுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. மஸ்ஜிட் ஜாமேக், பசார் செனி பகுதி மாலையில் ஆட்கள் நிறைந்திருக்கும், அதுவரை சரி. ஞாயிறு காலையில் நகரின் நடுவே சில சாலைகளை வாகனங்களுக்கு மூடும் வேளை கிடைத்தால், ஆற்றோரத்தையும் அந்தச் சாலைகளையும் சேர்த்து ஓடலாம்.

மழை வந்தால் ஆற்றோரப் பாதையை உடனே விட்டுவிடுங்கள். மேலே உலு கிள்ளான் பக்கம் கொட்டும் மழை நகருக்குள் நீர்மட்டத்தைச் சடுதியில் ஏற்றிவிடும். வெள்ளத்தை நிலத்தடியில் திருப்பிவிட 2007இல் ஸ்மார்ட் சுரங்கம் கட்டியதே இந்த ஊர் ஆறுகளின் குணம் அப்படி என்பதால்தான்.

காசிங்கா, கியாராவா?

ஓரளவு ஓடிப் பழகியவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். இரண்டும் பழைய ரப்பர் குன்றுகள், இரண்டும் இலவசம். ஆனால் குணம் வேறு.

புக்கிட் காசிங் பாதி பெட்டாலிங் ஜெயாவிலும் பாதி கோலாலம்பூரிலும் இருக்கிறது. உயரம் பெரிதில்லை. பாதை மட்டும் ஏறும், உடனே இறங்கும், மறுபடி ஏறும். கால் ஓய்வெடுக்கச் சமதளமே கிடைக்காது. வேர்கள் பாதையின் குறுக்கே படிபோலக் கிடக்கும். முக்கால் மணி நேரத்தில் உடலை முழுவதுமாகப் பிழிந்து எடுக்க வேண்டுமா, காசிங்தான். மலையின் மறுபக்கச் சரிவில் சிவன் கோயில் இருப்பதால், வீட்டில் பெரியவர்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் இளையவர்கள் பாதையில் ஏறி இறங்குவதும் நடக்கிறது. அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், பெட்டாலிங் ஜெயா பக்க நுழைவாயில் குடியிருப்புத் தெருவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே உடம்பு சூடாகிவிடும். பாதையிலும் குடும்பம் குடும்பமாக நடப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். இறக்கத்தில் வேகமாக ஓடி அவர்களை மிரட்டுவது நியாயமில்லை. காசிங்கை வாரநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் கியாரா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம். ஒரே இடத்தைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம், ஒரே குன்றில் எல்லாத் தரத்துக்கும் பாதை இருக்கிறது. அடிவாரப் பூங்காவில் குழந்தைகளோடு நடக்கலாம். குன்றின் மேலே போகும் தார்ப்பாதையில் ஏற்றத்தை மட்டும் பழகலாம், வேர் பயம் இல்லை. அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகள் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். முக்கியமாக, ஏற்றங்கள் நீண்டு மெதுவாக ஏறும். அதனால் இங்கே தொடர்ந்து ஓட முடியும். காசிங்கில் ஓட்டம் பாதி, ஏறுநடை பாதி என்றுதான் ஆகும்.

கியாராவில் கவனிக்க வேண்டியவை வேறு. ஒற்றையடிப் பாதைகளில் பலவற்றை வெட்டிப் பராமரித்து வருபவர்கள் மலைச் சைக்கிள்காரர்கள். எதிரே சைக்கிள் வரும், வளைவில் சத்தம் கேட்டதும் ஓரமாக நின்றுவிடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட இது இடமில்லை. பாதைகள் பின்னிக் கிடப்பதால் முதல் தடவை தெரிந்தவரோடு போவது நல்லது. ரப்பர்க் கொட்டை விழும் பருவத்தில் சரிவுகளில் அவை கோலிக்குண்டு போலக் காலடியில் உருளும், இறக்கத்தில் பாதத்தைத் தட்டையாக வைத்துச் சிறு அடிகளாக இறங்க வேண்டும்.

கியாராவுக்கு நம்மோடு உள்ள தொடர்பையும் சொல்லாமல் விட முடியாது. புக்கிட் கியாரா தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே வேலை செய்த குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் தற்காலிக நீள வீடுகளில் குடியமர்த்தினார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தற்காலிகம் என்று சொன்னது பல பத்தாண்டுகள் நீண்டது. அந்த வீடுகளை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடித் திட்டம் வந்தபோது வட்டார மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அங்கே இன்று மரநிழலில் ஓட முடிகிறதென்றால் அந்தப் போராட்டம் ஒரு காரணம். தோட்டக் குடும்பங்களுக்குச் சொன்ன நிரந்தர வீடும் அதே அளவு முக்கியம். மரமா வீடா என்று இரண்டையும் மோதவிட்டுப் பேசுவது தவறு, இரண்டையும் கேட்க அந்தக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு.

வங்சா மாஜு, செத்தியாவங்சா பக்கம் இருப்பவர்களுக்கு புக்கிட் டிண்டிங் இருக்கிறது. 291 மீட்டர். பாதை நல்லதுதான், அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் கியாராவரை வர வேண்டியதில்லை.

நீண்ட ஓட்டத்துக்கு: கெப்போங்

மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம், எல்லாரும் ஃப்ரிம் என்று சொல்வது. 500 ஹெக்டேருக்கும் மேல் பரப்பு. ஈயச் சுரங்கமும் விவசாயமும் முடிந்து தரிசாகக் கிடந்த மண்ணில் 1920களில் மரம் நட்டு உருவாக்கிய காடு இது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பட்டுப்போன நிலத்தை மனிதர்கள் கைப்பட மீட்டெடுத்தால் நூறு ஆண்டில் என்ன ஆகும் என்று நேரில் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். உள்ளே கற்பூரம் தரும் கப்போர் மரங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல் நடுவில் வெளிச்சக் கோடு விட்டிருப்பது தெரியும்.

ஓடுவதற்கு இங்கே இரண்டு வகை. வளாகச் சாலைகள் நிழலானவை, வாகனம் குறைவு, 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகுகிறவர்களுக்கு அருமை. காட்டுப் பாதைகளில் ஸ்டீராய்டு குன்று என்று பெயர் பெற்றது செங்குத்து. அது பலசாலிகளுக்கு. ஆற்றோரம் வேண்டும் என்பவர்களுக்கும் ஊருக்குள் உள்ள சிமெண்டுக் கரையைவிட இங்கே ஓடும் குரோ ஆற்றின் பக்கம்தான் நிறைவு தரும். நுழைவுக் கட்டணம் உண்டு. திறக்கும் நேரமும் எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதும் மாறும், புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். கியாராவோடு ஒப்பிட்டால் காடு இங்கே செழிப்பு, ஆனால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. அதனால் கியாரா வாரத்துக்கு, ஃப்ரிம் மாதத்துக்கு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

கெமென்சாவும் தாபூரும்

உலு கிள்ளானில் மிருகக்காட்சிசாலைக்கு அப்பால் கெமென்சா ஓடைகளை ஒட்டி ஓடும் பாதையைப் பலர் விரும்புகிறார்கள். உண்மையான ஆற்றோரக் காடு அது. ஓடையைக் கடந்து கடந்து போக வேண்டும், நாலு சக்கர மண்வண்டிகள் உழுத சேறு முழங்கால்வரை இருக்கும். சிலாங்கூர் வனத்துறையின் காப்புக்காடுகள் பலவற்றில் நுழைய முன்அனுமதி தேவை, அதை விசாரிக்காமல் கிளம்பக் கூடாது.

அங்கே நான் அஞ்சுவது கெபாலா ஆயர். மலையில் எங்கோ பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே பெருக்காக இறங்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் ஓடைத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் போதும்.

புக்கிட் தாபூரை ஓட்டத்துக்கான பட்டியலில் சேர்க்கவே கூடாது. கூரான படிகப்பாறை முகடு அது, உயிர்கள் போயிருக்கின்றன.

நேரம், காலணி, துணை

இங்கே விடிவதே காலை 7 மணி வாக்கில்தான். நெற்றிவிளக்கு இல்லாமல் ஆறு மணிக்குக் காட்டுக்குள் போனால் வேர் தெரியாது. மாலை ஓட்டத்துக்கு மழைதான் எதிரி: ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய வழக்கம். குன்றின் உச்சியில் இருக்கும்போது இடி கேட்டால் உடனே இறங்குங்கள். புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

பெர்டானா, தித்திவங்சா, ஆற்றோரம் மூன்றுக்கும் சாதாரண ஓட்டக் காலணி போதும். காசிங், கியாராவின் களிமண்ணுக்கு அடியில் பற்கள் உள்ளது வேண்டும். விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நம் தோட்டத்து மக்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர்க் காலணியை, கம்போங் அடிடாஸ் என்று சொல்வோமே, அதைப் போட்டுக்கொண்டு மலை ஓட்டப் போட்டிகளில் ஓடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சேற்றில் அதன் பிடிப்பு அபாரம். குதிகாலுக்கு மெத்தை கிடையாது என்பதால் தார்ச்சாலையில் நீண்ட நேரம் ஓட ஆகாது.

கைப்பேசியில் மின்னூட்டம் நிரம்பியிருக்கட்டும், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அவசர எண் 999. குரங்குகள் இருக்கும் இடத்தில் நெகிழிப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், உள்ளே தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்கும்.

தைப்பூசத்தில் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைவரை ரதத்தோடு நடந்து, அதன் பிறகு 272 படியும் ஏறுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் "எனக்கு ஓட வராது" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கால் பலத்துக்குத் தித்திவங்சா தேவையே இல்லை, நேராக தாமான் துகுவில் தொடங்கலாம்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து கிளம்புவதென்றால்தான் முடிவெடுப்பது கடினம், ஒவ்வொருவர் தரமும் வேறு. அப்போது பெர்டானாவையும் தாமான் துகுவையும் சேர்த்து எடுங்கள். அத்தை மாமா ஏரியைச் சுற்றி நடக்கட்டும், சின்னப் பிள்ளைகள் புல்வெளியில் ஓடட்டும், பதின்ம வயதுப் பையன்களும் பெண்களும் துகுவின் மண் பாதையில் இரண்டு சுற்று வரட்டும். எட்டரைக்கு எல்லாரும் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டால், வெயில் ஏறும் முன்னே பிரிக்பீல்ட்ஸில் பசியாறப் போய்விடலாம்.